கண்வலிக்கிழங்கு

கடை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், அது கிடந்தது.

விரல் பருமனில் ஒரு கிழங்கு. மண் நிறம். நடுவில் வளைந்து இரண்டு கையாகப் பிரிந்திருந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. யாரோ அதைக் கழுவித் துடைத்து, காகிதம் விரித்து, அதன்மேல் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எந்தக் காய்க்கும் கிடைக்காத மரியாதை.

அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்ப்பது அவள் வேலை. மயிரிழை கூடினால் லென்ஸ் உட்காராது. மயிரிழை குறைந்தால் விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவள் எதையும் இரண்டு முறை பார்ப்பாள்: அரிசியை, மீதிச் சில்லறையை, சொந்தக்காரர்களின் சிரிப்பை. அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தவன் அவள் கணவன்தான்.

அவன் வெல்டர். உள்ளறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கண்வலிக்கிழங்கு. கண்ணுக்கு மருந்து."

"யார் சொன்னா?"

"பேரே சொல்லுதே."

பிறகு வெளியே வந்து கதையைச் சொன்னான். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் கம்பி வேலிக்கு இரும்புத் தூண் வைக்கும் வேலை. வேலி முழுக்க ஒரு கொடி. மஞ்சள் பூ. தூணுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்திருக்கிறான். கிடங்கின் வாட்ச்மேன் வாசலிலிருந்து, அது கண்வலிக்கிழங்கு என்று கத்தினாராம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்ததாம் அவனுக்கு. கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுத்துவிட்டான்.

வெல்டர் வீட்டில் கண்வலி வேண்டாத விருந்தாளி. சொல்லாமல் வரும், சொன்னாலும் போகாது. பகலில் பொறியைப் பார்த்தால் சாயங்காலம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டு ஒன்று அவனிடம் உண்டு. அதைப் பிடித்தால் ஒரு கை போய்விடுகிறது, மீதி ஒரு கையால் பிச்சைதான் எடுக்கலாம் என்பது அவன் கட்சி.

வருகிற சனிக்கிழமை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஓட்டை அடைக்க வேண்டும். உள்ளே நாலு பக்கமும் இரும்பு. வெளிச்சம் போக இடமில்லாமல் திரும்பித் திரும்பிக் கண்ணில்தான் விழும். அன்றைக்கு வலி நிச்சயம். கிழங்கை அன்றைக்கென்று வைத்திருந்தான். அரைத்து, துணியில் பிழிந்து, கண்ணுக்கு இரண்டு சொட்டு. இப்போது வலி இல்லாததால் மருந்தை வீணாக்க அவனுக்கு மனமில்லை.

எடுத்து வீசிவிடலாமா என்று அவள் நினைத்தாள். வீசிப் பயனில்லை. வேலி முழுக்க அந்தக் கொடிதான். ஒன்றை வீசினால் இன்னொன்றைத் தோண்டுவான். அதை அவளிடம் காட்டவும் மாட்டான். பயம்கூட அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது, இது என்ன என்கிற அரிப்பு.

கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸைப் பையிலிருந்து எடுத்தாள். தோலில் மெல்லிய வளையங்கள். நீளக் கையின் நுனியில் ஒரு முளைக் கண். அதற்குமேல் கிழங்கு ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு இதை அண்ணிகிட்ட காட்டிட்டு வரேன்," என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. "ரசமட்டத்துக்கிட்டயா?"

அவள் அண்ணி நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாள். பண்ணையின் நிழல்வலைக்கு இரும்புச் சட்டம் போட்டுக் கொடுத்தது இவன்தான். வேலை முடிந்த அன்று, எங்கேயோ கோணலாகத் தெரிகிறதே என்றாள் அண்ணி. பூமிதான் கோணல் என்றான் இவன். அவள் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து சட்டத்தின்மேல் வைத்தாள். உள்ளே இருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது. அன்றிலிருந்து அவன் அந்தப் பண்ணைப் பக்கம் போவதில்லை. அண்ணிக்கும் புதுப் பெயர் வந்துவிட்டது.

*

கிழங்கை லென்ஸ் வரும் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனாள். அண்ணி நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் அண்ணியின் கை பின்னால் போனது.

"யார் தொட்டது?"

"அவர்தான் தோண்டிக் கழுவினார்."

"முதல்ல அவரைக் கையைக் கழுவச் சொல்லு. கலப்பைக்கிழங்கு மாதிரி தெரியுது."

வளைந்து பிரிந்திருக்கும் இந்த வடிவத்தால்தான் அந்தப் பெயர் என்று அண்ணி விளக்கினாள். இலை, பூ, விதை எல்லாமே விஷம். கிழங்கு எல்லாவற்றுக்கும் தலை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. விதையை மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அது கம்பெனி வேலை, மிக்ஸி வேலை இல்லை என்றாள்.

அவளுக்கு நிம்மதி வந்த அதே மூச்சில் அண்ணி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வெறும் கிழங்கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டாளாம். இப்படி இரண்டாகப் பிரிந்த கிழங்கு வேறு கொடிகளுக்கும் உண்டு.

"அப்ப எதை வச்சு அடையாளம் சொல்றது?"

"இலை நுனியைப் பாரு."

பாகற்கொடி, பூசணிக்கொடி எல்லாம் பற்றி ஏறுவதற்குத் தண்டிலிருந்து தனியாக ஒரு சுருள் கம்பியை விடும். இதற்கு அந்தக் கம்பி கிடையாது. இலையே நீண்டு, கூராகி, நுனி சுருண்டு பிடித்துக்கொள்ளும். தலைச்சுருளி என்றுகூட இதற்கு ஒரு பெயர் உண்டாம். பூ எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, அண்ணி மண் படிந்த விரல்களை ஒன்றாகக் குவித்து மேலே நீட்டி அசைத்துக் காட்டினாள். ஆறு இதழும் பின்பக்கமாக மடிந்து நெளிந்து, தீ எரிகிற மாதிரி நிற்கும். சிவப்பு.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதை எல்லாம் அவன் சட்டை பட்டனைக் கழற்றியபடி கேட்டான். அவன் முழுவதும் கேட்டதே அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"ரசமட்டம் சொன்னது கலப்பைக்கிழங்கு. நம்மளது கண்வலிக்கிழங்கு. பேரே வேற."

"ஒண்ணுக்கு நாலு பேர் இருக்குமாம்."

"பூ?"

"சிவப்புன்னாங்க."

"நான் பார்த்தது மஞ்சள்," என்றான். "கண்ணுதான் அப்பப்ப வலிக்கும். நிறம் தெரியும்."

*

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. பஸ் பிடித்துக் கிடங்குக்குப் போனாள். வாசல் பூட்டியிருந்தது. வாட்ச்மேனின் நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. பரவாயில்லை, கொடி வேலிக்கு வெளியேயும் தொங்கியது.

அவன் சொன்னதும் சரி, அண்ணி சொன்னதும் சரி. மஞ்சள் பூ இருந்தது. சிவப்புப் பூவும் இருந்தது. இதழ்கள் எல்லாம் பின்னுக்கு மடிந்து மேல்நோக்கி நின்றன. மொட்டுகள் மட்டும் பச்சையாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தன.

இலைக்கு லென்ஸைக் கொண்டு போனாள். அடியில் அகலம், நடுவில் ஒடுக்கம், பிறகு நூல். நூலின் கடைசி, வேலிக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. பக்கத்து இலைக்குக் கம்பி எட்டவில்லை. அது இன்னொரு கொடியின் தண்டைப் பிடித்திருந்தது. அதற்கும் மேலே ஒரு இளம் இலை, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், நுனியைக் கொக்கி மாதிரி மடித்துக்கொண்டு காற்றில் நின்றது. தண்டிலிருந்து தனிக் கம்பி எங்காவது கிளம்புகிறதா என்று கணுக்கணுவாகப் பார்த்தாள். எங்கும் இல்லை. இலைக்கே கை முளைத்த கொடியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஸ் ஒன்று போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை.

இலை அண்ணி பக்கம் பேசியது. பூதான் மீதி. மஞ்சள் ஒரு கொடியா, சிவப்பு இன்னொரு கொடியா? தண்டைப் பார்வையாலேயே தொடர்ந்து போய்ப் பார்த்தாள். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததில் எது எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. மஞ்சள் பூக்கள் மேலே இருந்தன. சிவப்பு எல்லாம் கீழே. கீழே இருப்பதுதானே முதலில் பூத்திருக்கும்?

அரைச் சட்டக் கண்ணாடிகளில் லென்ஸைத் தாங்குவதற்கு நைலான் நூல் ஒன்று உண்டு. அவள் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். கைக்குட்டையால் விரலை மூடிக்கொண்டு, நல்ல மஞ்சளாக இருந்த ஒரு பூவின் காம்பில் அதைக் கட்டினாள். இரட்டை முடிச்சு.

வெள்ளிக்கிழமை காலை, கடைக்குப் போவதற்கு முன் மறுபடி போனாள். நூலைத் தேட நேரம் பிடித்தது. மஞ்சள் பூக்களிடையே தேடியதால். அது சிவப்புப் பூக்களிடையே இருந்தது. மஞ்சள் இதழோரத்தில் ஒரு கோடாக மட்டும் மிஞ்சியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று வேலியைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணைச் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

*

சாப்பாட்டுக்கு முன்னால் பூவையும் ஒரு இலையையும் பெட்டியோடு அவன்முன் வைத்தாள். அவன் பூவைப் பார்த்தான். காம்பில் நூலைப் பார்த்தான்.

"மஞ்சள்லயா கட்டினே?"

"மஞ்சள்லதான்."

அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சொல்லத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் எவ்வளவோ சண்டை குறைந்திருக்கும்.

"சரி. ரசமட்டம் ஜெயிச்சது," என்றான். "ரெண்டும் ஒரே கொடி. அதனால என்ன? என்னை நீ என்னங்கன்னு கூப்பிடற. எங்கம்மா டேய்னு கூப்பிடறாங்க. ஆள் மாறிட்டேனா?"

விஷமே அளவோடு கொடுத்தால் மருந்துதான் என்றான். கம்பெனிக்காரன் வாங்குகிறான் என்று அண்ணியே சொல்லிவிட்டாள். பிறகு விரலை மடக்கினான். தலைவலி மாத்திரை தலைவலிக்கு. இருமல் மருந்து இருமலுக்கு.

"கண்வலிக்கிழங்கு எதுக்கு? நீயே சொல்லு."

இத்தனை அலைந்து அது என்ன கொடி என்று கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்த கொடி தன் பெயரோடு அவன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. விடிந்தால் சனிக்கிழமை.

சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிட்டான். அவள் கை சோற்றில் இருந்தது, வாய் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண்வலி, கிழங்கு. இரண்டு சொல்லையும் ஒட்டவைத்தவர்கள் நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டார்கள். கண்வலிக்கான கிழங்கா, கண்வலி தரும் கிழங்கா? பல்வலி மருந்து. கால்வலித் தைலம். எல்லாம் அவன் சொன்னபடியே நடந்தன. ஒன்றாவது முரண்டு பிடிக்காதா என்று தேடினாள்.

தட்டைக் கழுவப் போனவன் குழாயடியிலிருந்து கேட்டான், மூலையில் எலி ஓடுகிறதே, எலி மருந்து வைத்தாயா என்று.

அவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"என்னங்க. எலிக்கு உடம்புக்கு என்ன?"

"என்ன?"

"எலி மருந்துன்னீங்களே. எந்த வியாதிக்குக் கொடுக்கணும்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பூச்சி மருந்து? பூச்சிக்குச் சளி பிடிச்சா போடறதா?"

"அது வேற," என்றான் அவன். குழாயை மூடினான்.

"நடுவுல ஒரு 'க்கு' போட்டுக்கிட்டது யாரு? நீங்களா, வாட்ச்மேனா?"

"வாட்ச்மேன்தானே சொன்னார்."

"அவர் வாயில வந்ததை அப்படியே சொல்லுங்க."

அவன் யோசித்தான். "அது கண்வலிக்கிழங்கு. அப்படித்தான் சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஜெனரேட்டர் சொன்னதுதான் கேட்டுது."

*

தொட்டி வேலைக்குப் போகும் வழியில்தான் கிடங்கு. காலையில் அவளும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். கருவிப்பெட்டி காலடியில் குலுங்கியது. அவன் வழி முழுக்கக் கழுத்தை விறைத்துக்கொண்டு ஓட்டினான். ரசமட்டம் வைத்த நாளிலும் இப்படித்தான் இருந்தான்.

வாட்ச்மேன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அவனை அடையாளம் தெரிந்ததும் முதலில் கைகளைத்தான் பார்த்தார்.

"கை நல்லா இருக்கா?"

"கைக்கு என்ன?"

"அன்னைக்குக் கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு தம்பி. கண்வலிக்கிழங்கு, கையை எடுங்க, கண்ணைத் தொடாதீங்கன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே கும்பிட்டீங்க."

அவள் கணவனைப் பார்த்தாள்.

"நன்றி சொன்னேன்," என்றான் அவன், வேலியைப் பார்த்து.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். வாட்ச்மேனுக்கு அதில் நிச்சயம் இல்லை. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பார் சிலர். சாறு பட்டால் என்பார் சிலர். அந்தக் காலத்தில் கண் நோய்க்கே இதை வைத்துக் கட்டினார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்களாம்.

"எது நிஜம்?"

"அதைத் தெரிஞ்சுக்க என் கண்ணைத்தானேம்மா கொடுத்துப் பார்க்கணும். அதை வச்சுத்தான் எனக்குச் சம்பளம்."

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. உற்றுப் பார்த்தால் வலிக்கும் என்றால், லென்ஸ் வைத்துப் பார்த்த தன் கண் ஏன் வலிக்கவில்லை? சாறுதான் என்றால் எந்தச் சாறு, இலையா கிழங்கா? வாட்ச்மேனிடம் அடுத்த கேள்வியைத் தொடங்கியவள், பக்கத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

அவன் கீழே உட்கார்ந்து கருவிப்பெட்டியைத் திறந்திருந்தான். வெல்டிங் ராடு கட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவிலிருந்து ஒரு துணிச் சுருணையை எடுத்தான். பிரித்தான். உள்ளே பழைய கண்சொட்டு மருந்து பாட்டில் ஒன்று. கழுவி, லேபிளைக் கிழித்து எடுத்திருந்தான். பாதிவரை கலங்கலாக ஏதோ இருந்தது.

"ரெண்டு தோண்டினேன்," என்றான்.

வாட்ச்மேன் ஒரு அடி பின்னால் போனார். அவள் போகவில்லை.

"எப்ப பிழிஞ்சது?"

"நேத்து மத்தியானம். வேலை நடக்கிற இடத்திலயே. நீ பூவைக் காட்டறதுக்கு முன்னாடி."

"போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். உள்ளே மெல்லிய நார் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து வலிக்கல."

பிறகு அவன் வாட்ச்மேனிடம் மண்வெட்டி கேட்டான். கொடியின் அடியிலேயே குழி வெட்டினான், முழங்கை ஆழம். பாட்டிலை மூடி திறக்காமல் போட்டு மூடினான். மிதித்துக் கெட்டிப்படுத்தினான். வேலைக்கு நேரமாகவில்லையா என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, தொட்டி எங்கேயும் ஓடிவிடாது என்றான். அதற்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஷீல்டை எடுக்க வேண்டும் என்றும் சொன்னான். அதை அவளைப் பார்க்காமல் சொன்னான்.

வாட்ச்மேன் தன் அறையிலிருந்து சோப்பு கொண்டுவந்து குழாயைத் திறந்துவிட்டார். அவன் கையைக் கழுவினான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. நுரை கறுப்பாகப் போனது, பிறகு சாம்பலாக, பிறகு வெள்ளையாக. இரண்டு கையையும் அவள்முன் நீட்டினான். அவள் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள்.

"போதுமா?" என்றான்.

அவள் முதல் நகத்திலிருந்து திரும்பத் தொடங்கினாள். வாட்ச்மேன் குழாயை மூடவில்லை. அவன் மறுபடி சோப்பை எடுத்தான்.